சும்மா இருந்தவன் லைசென்ஸ்

ராசப்பனிடம் நாலு வாடகைக் கார்கள் இருந்தன. அவற்றில் மிகப் பழைய வண்டி நல்லுசாமியின் கையில் இருந்தது. வாரத்தில் பாதி நாள் அது பாலக்கரை ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும். மீதி நாளில் சத்திரம் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்து நிற்கும். சவாரி ஏறியவர்கள் கொஞ்ச நேரத்திலேயே கண்ணயர்ந்துவிடுவார்கள், அவ்வளவு நிதானம். துறையூர் ரோட்டில் கோழிக்குஞ்சு குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்தி, அது தாயோடு சேர்ந்த பிறகுதான் நகர்த்துவான். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவனுக்குத் "தேர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். "தேர் கிளம்பிடுச்சு, வடம் புடிக்க ஆள் வாங்க" என்று கத்துவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போவான்.

அப்படிப்பட்டவனுடைய லைசென்ஸ்தான் அந்த ஸ்டாண்டிலேயே மோசமான லைசென்ஸ்.

அது ஒரு சின்ன அட்டைப் புத்தகம். கோர்ட்டில் தண்டனையான குற்றங்களை எழுதுவதற்கென்று அதன் கடைசியில் சில பக்கங்கள் விட்டிருப்பார்கள். பெரும்பாலான டிரைவர்களிடம் அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு வரி இருக்கும். நல்லுசாமியுடையதில் எழுத இடமில்லை. அதிக ஆள் ஏற்றியது, விளக்கில்லாமல் போனது, போலீஸ்காரர் கை காட்டியும் நிற்காதது, பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தியது என்று வரிசையாக இருந்தது. அவற்றில் ஒன்றைக்கூட அவன் செய்ததில்லை.

ராசப்பனிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டிமேல் கேஸ் விழுந்தாலும், அன்றைக்கு எந்த டிரைவர் சும்மா இருக்கிறானோ அவன் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஓடுகிற வண்டியை நிறுத்திவிட்டு அதன் டிரைவர் கோர்ட் வாசலில் காலை முழுக்க நிற்க முடியாது, சவாரி போய்விடும். சும்மா இருப்பவன் போய், பெயர் கூப்பிட்டதும் கையைக் கட்டிக்கொண்டு, "நான்தாங்க ஓட்டினேன், தப்புதாங்க" என்று சொல்லிவிடுவான். அபராதத்தை ராசப்பன் கட்டிவிடுவார். அத்தோடு கேஸ் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாளெல்லாம் சும்மா இருந்தவன் நல்லுசாமி. ஆகவே ஊரார் குற்றமெல்லாம் அவன் புத்தகத்தில் ஏறிக்கொண்டே வந்தது. அவனும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மழைக்கு ஒதுங்கியவனுக்குக் குடை கொடுப்பதுபோல ஒரு சின்ன உதவி என்றுதான் இருந்தான்.

போன வருஷம் ஆடி மாதம் உறையூரில் நடந்ததுதான் சின்ன விஷயமாக இல்லாமல் போயிற்று.

நல்லுசாமியின் மனைவி வள்ளிக்கண்ணுவின் தம்பி அழகிரியும் ராசப்பனிடம்தான் ஓட்டினான். கை சுறுசுறுப்பு, கால் அதைவிடச் சுறுசுறுப்பு. பட்டப்பகலில், ஆளில்லாத ரோட்டில், முன்னால் போய்க்கொண்டிருந்த சைக்கிளைப் பின்னாலிருந்து இடித்துவிட்டான். சைக்கிளில் போனவர் மதுரைவீரன் என்று ஒரு சுருட்டுத் தொழிலாளி. இடது கால் போயிற்று. அழகிரியின் லைசென்ஸ் காலாவதியாகி மூன்று வாரம் ஆகியிருந்ததும், அவன் புதுப்பிக்க மறந்திருந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ராசப்பன் ஒர்க்‌ஷாப்புக்கே ஓடி வந்தார். "நல்லு, நீதான் காப்பாத்தணும். செல்லாத லைசென்ஸை வச்சுக்கிட்டு அவன் ஓட்டினான்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிச்சுடும். அந்த ஆளுக்குக் குடுக்கவேண்டியதை என் தலைமேல கட்டிடுவான். நாலு வண்டியும் ஏலத்துல போகும். உன் லைசென்ஸ்தான்பா உசிரோட இருக்கு" என்றார்.

வள்ளிக்கண்ணு அழுதாள். அழகிரி நல்லுசாமியின் காலைப் பிடித்தான். நல்லுசாமி கோர்ட்டில் போய், "நான்தாங்க ஓட்டினேன்" என்றான். கம்பெனி மதுரைவீரனுக்கு நஷ்ட ஈடு கொடுத்தது. நல்லுசாமியின் புத்தகத்தில் கடைசிப் பக்கமும் நிரம்பியது.

இந்த வருஷம் தை பிறந்ததும் கோர்ட்டுக்குப் புது மாஜிஸ்ட்ரேட் வந்தார். விளக்கில்லாத கேஸ் ஒன்றுக்காக நல்லுசாமி போய் வழக்கம்போலத் தலையைக் குனிந்தபோது, அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "யாரையாவது கொன்ன பிறகுதான் நிறுத்துவியா?" என்று கேட்டார். லைசென்ஸைத் திருப்பித் தரவில்லை. ஒரு ரசீதை மட்டும் கொடுத்து, புத்தகத்தை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். இவனுக்கு ஏன் தடை விதிக்கக்கூடாது என்று விசாரிக்க ஒரு தேதியும் வந்தது. அதுவரை ரசீதை வைத்து ஓட்டலாம்.

நல்லுசாமிக்கு வயது நாற்பதுக்கு மேல். பதினாறு வயதில் கிளீனராக ஏறியவன், ஸ்டீயரிங்கைத் தவிர வேறொன்றும் அவன் கை அறியாது. துறையூர்ப் பக்கம் இருந்த நிலம் அண்ணன்மார்களிடம் போய்ச் சேர்ந்தாயிற்று. சட்டையில் குத்தியிருக்கும் இந்த வாடகை வண்டிப் பேட்ஜ் போனால் என்ன செய்வது என்று யோசிக்க உட்காருவான். உட்கார்ந்த இடத்திலேயே எழுந்துவிடுவான். யோசனை அதற்கு மேல் போகாது.

விசாரணைக்கு முந்தின வாரம் ராசப்பனை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனான். இன்சூரன்ஸ் ஏஜென்ட் திருவேங்கடாச்சாரி உத்தர வீதியில் இருந்தார். பாலிசி புதுப்பிக்கும் நேரம் அது. கூடத்தில் நாற்காலி போட்டு ராசப்பனை உட்கார வைத்தார். நல்லுசாமி வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றான்.

"ராசப்பன், நேராவே சொல்றேன், தப்பா எடுத்துக்கப்படாது" என்றார் திருவேங்கடாச்சாரி. "போன வருஷம் கம்பெனியிலே பெரிய தொகை குடுத்திருக்கா. இப்போ டிரைவர் அத்தனை பேர் லைசென்ஸ் விவரமும் வேணும்னு மெட்ராஸ்லேர்ந்து கேக்கறா. உம்ம ஆள் ஒருத்தன் இருக்கானே, நல்லுசாமின்னு, அவன் விவரத்தைப் பாத்துட்டு மேனேஜர் என்னையே திட்டறார். 'ஓய், இவனுக்கா பாலிசி கேக்கறீர்'னு."

"நல்ல டிரைவர் சாமி அவன்."

"நல்ல டிரைவரா. எம்பெருமானே." அவர் நிமிர்ந்தபோது வாசலில் நிற்பவனைப் பார்த்தார். "இவன்தானா? பாத்தா சாதுவா இருக்கான். கேளுப்பா, விசாரணையிலே உனக்குத் தடை இல்லேன்னு வந்துடுத்துன்னா நான் மேனேஜர் கையைக் காலைப் பிடிச்சுச் சரிபண்ணிடறேன். தடைன்னு வந்துதோ, உன் கை ஸ்டீயரிங்மேல பட்ட நிமிஷமே அந்த வண்டிக்கு பாலிசி இல்லை. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ரோட்டுக்கு வரப்படாது, அது சட்டம். உன் மொதலாளி உன்னை வச்சுக்கணும்னு நெனச்சாலும் முடியாது."

"சாமி, அதுல ஒரு கேஸ் வந்து..." என்று நல்லுசாமி ஆரம்பித்தான்.

ராசப்பன் எழுந்துவிட்டார். "நேரமாச்சு சாமி. நாங்க கெளம்பறோம்."

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் மாட்டு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நல்லுசாமி அவற்றின் பின்னாலேயே ஊர்ந்தான். ராசப்பன் முன் ஸீட்டில் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"என்ன சொல்ல வந்தே அங்க?"

"தெரியலீங்க மொதலாளி. வாயில வந்துடுச்சு."

"வாயில வந்தா நாலு குடும்பம் தெருவுக்கு வரும். அழகிரி ஜெயிலுக்குப் போவான். நீயும் கோர்ட்டுல பொய் சொன்னேன்னு கூடவே போவே. நான் சேத்து வச்ச வண்டியெல்லாம் கம்பெனிக்காரன் கொண்டுபோவான். உனக்கு என்னா மிச்சம்?"

"இப்ப மட்டும் என்னாங்க மிச்சம்?"

பாலம் முடிந்ததும் ராசப்பன், "சின்னக் கேசையெல்லாம் சொல்லிக்க. எவன் ஓட்டினான்னு எனக்குத் தெரியாது, மொதலாளி போகச் சொன்னாரு போனேன்னு என்மேலயே சொல்லிக்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. உறையூரை மட்டும் தொடாதே" என்றார். அவர் அளவில் அது பெரிய விட்டுக்கொடுப்பு.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் அழகிரி காட்டூரில் நல்லுசாமியின் வீட்டுக்கு வந்தான், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. வள்ளிக்கண்ணு அதை வாங்கி, பார்க்காமலே ஓரமாக வைத்தாள்.

"ஆபீசர் சும்மா மிரட்டுவாரு மச்சான். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னா விட்டுடுவாரு. உங்களுக்குத்தான் தலையைத் தொங்கப் போடறது பழக்கமாச்சே" என்றான் அழகிரி.

"நீ பேசாதே" என்றாள் வள்ளிக்கண்ணு.

"நான் என்ன தப்பாப் பேசிட்டேன் அக்கா?"

"ஒரு நாளைக்கு ஒரு கேஸ் வாங்குவே. இந்த மனுசன் போயி அதைச் சுமப்பாரு. நாளைக்கு இவரு வூட்ல உக்காந்தா உன் வூட்லேருந்தா சோறு வரும்?" அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "இதைக் கேளுங்க. அந்த ஆபீசர் கேட்டா இவன் பேரையே சொல்லுங்க. என் தம்பின்னு பாக்காதீங்க. கால் போனவன் ஒருத்தன், அதுக்குப் பதில் சொல்லவேண்டியவன் இவன். நான் சொல்றேன், சொல்லுங்க."

அழகிரி தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா சொல்றது சரிதான். சொல்லிடுங்க மச்சான்" என்றான். சொல்லும்போது அவன் கை வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது. நல்லுசாமி அந்தக் கையைப் பார்த்தான். சொல்ல வேண்டாம் என்று அது கெஞ்சியது. "பாத்துக்கலாம் மாப்ள, நீ போ" என்றான். வள்ளிக்கண்ணு உள்ளே போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, வள்ளிக்கண்ணுவையும் ஏற்றிக்கொண்டு கண்டோன்மெண்டில் இருந்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனான். அவள் ஆபீசுக்கு எதிரே புங்க மரத்தடியில் நின்றுகொண்டாள்.

ஆர்.டி.ஓ. நடு வயதுக்காரர். குரலை உயர்த்தாமல் பேசினார். மேஜைமேல் நல்லுசாமியின் லைசென்ஸ் இருந்தது.

"இதெல்லாம் நீ பண்ணினதுதானா?"

நல்லுசாமி, ராசப்பன் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான். சின்னக் கேசெல்லாம் தன்னுடையதில்லை, சும்மா இருந்ததால் போகச் சொன்னார்கள், போனேன். சொல்லும்போதே தன் வார்த்தை தனக்கே பொய்போலக் கேட்டது.

ஆர்.டி.ஓ. சிரித்தார். "தடை வர்ற அன்னிக்கு எல்லாரும் இதைத்தான்யா சொல்றாங்க. நான் ஓட்டல, அவன் ஓட்டினான்." கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தார். "வண்டி கொண்டாந்திருக்கியா? வா, எடு."

பெரிய கடை வீதிக்குப் போகச் சொன்னார். காலைச் சந்தடி. குதிரை வண்டிகளும் கைவண்டிகளும் தலையில் மூட்டை வைத்தவர்களும் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டீயரிங்கைத் தொட்டதும் நல்லுசாமியின் கை தன் வேலையைச் செய்யத் தொடங்கியது. நடு வீதியில் படுத்திருந்த மாட்டை அரை சாண் இடைவெளியில் சுற்றிக்கொண்டு போனான். ஹார்ன் அடிக்கவில்லை, மாடு காதைக்கூட ஆட்டவில்லை. ஜவுளிக் கடையிலிருந்து ஒரு கிழவர் வீதியில் இறங்கப் போகிறார் என்பது, அவர் இறங்குவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்தது. "நிறுத்து" என்று ஆர்.டி.ஓ. திடீரென்று சொன்னார். வண்டி நின்றது. அவர் மடியில் வைத்திருந்த பேனா உருளவில்லை. அவர் அந்தப் பேனாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீசுக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்தார். அவர் குரலில் இப்போது வேறு ஒரு தொனி இருந்தது.

"நீ சொன்னதை நம்பறேன். சின்னக் கேஸ் எதுவும் உன்னுதா இருக்காது. முட்டாள்தனமாப் போய் மாட்டியிருக்கே, அதுக்கு எச்சரிக்கை பண்ணி விட்டுடலாம்."

நல்லுசாமிக்குக் கண் நிறைந்தது. கும்பிடக் கையைத் தூக்கினான்.

"இரு. இந்த உறையூர்க் கேஸ்தான் எனக்குப் புரியல." அவர் பக்கத்தை விரலால் தட்டினார். "பட்டப்பகல். ரோட்டுல ஆள் இல்ல. சைக்கிள் இடது ஓரமாத்தான் போயிருக்கு. இப்ப அந்தக் கடை வீதியில ஓட்டினியே, அப்படி ஓட்டறவன் அந்தச் சைக்கிளை எப்படிய்யா இடிப்பே? குடிச்சிருந்தியா?"

"இல்லீங்க. அந்தப் பழக்கமே இல்லீங்க."

"அப்ப இதையும் நீ ஓட்டலையா?"

ஜன்னல் வழியாக மரத்தடி தெரிந்தது. வள்ளிக்கண்ணு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது, ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையின் பின்னால் வருவதையெல்லாம் அவன் பார்த்துவிட்டான். ஏலத்துக்கு நிற்கும் நாலு வண்டிகள், ராசப்பன், விலங்கோடு அழகிரி. நேற்று வாய் நிறையச் சொல்லச் சொன்னவள், நாளைக்குத் தம்பியைப் பார்க்க ஜெயில் வாசலில் நிற்கிற காட்சியும் தெரிந்தது. சொல்லலாமா, வேண்டாமா என்று அவன் மனம் இங்குமங்கும் ஓடியது. அது முடிவுக்கு வருவதற்குள், கோர்ட்டில் பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"நான்தாங்க ஓட்டினேன்."

"அப்ப ஏன் இடிச்சே? காரணம் சொல்லு. ஒரு நியாயமான காரணம் இருந்தா இதையும் கணக்குல எடுத்துக்கறேன்."

ஆர்.டி.ஓ. காத்திருந்தார். உண்மையாகவே உதவ நினைக்கிற முகம். நல்லுசாமி தவித்தான். குடித்திருந்தேன் என்றால் பாவம். வேகமாகப் போனேன் என்றால் திமிர். சைக்கிள்காரர் திரும்பினார் என்றால், கால் போன மனிதர்மேல் பழி. எந்தப் பழியும் இல்லாத, யாருக்கும் வருகிற, கேட்டால் மனசு இரங்குகிற ஒன்றை அவன் தேடினான். கிடைத்தது.

"முந்தின நாள் ராத்திரி பூரா சவாரிங்க. கண்ணு அசந்துட்டேன்."

ஆர்.டி.ஓ.வின் முகம் மாறியது. பேனாவைத் திறந்தவர், எழுதாமல் அவனைப் பார்த்தார்.

"தூங்கிட்டியா?"

"ஒரு நொடிதாங்க."

"அடப்பாவி. வேற எதைச் சொல்லியிருந்தாலும் ஏதாவது வழி பாத்திருப்பேனே." அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "குடிக்கிறவனைக் குடிக்காதேன்னு சொல்லலாம். வேகமாப் போறவனுக்குப் பயத்தைக் காட்டலாம். ஓட்டும்போது தூங்கறவன்கிட்ட அஞ்சு பேரை எப்படிய்யா ஏத்தி விடறது?"

"அய்யா, நான் தூங்கலீங்க. அப்படி இல்லீங்க. நான் வந்து..."

"இப்பத்தானே சொன்னே."

அவர் எழுதிக்கொண்டே போனார். லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குத் தடை. வாடகை வண்டி ஓட்டும் பேட்ஜ் நிரந்தரமாக ரத்து. வருஷம் முடிந்த பிறகு, சொந்த வண்டி இருந்தால் ஓட்டிக்கொள்ளலாம் என்று விளக்கினார். நல்லுசாமி தன் சட்டைப் பையிலிருந்து பேட்ஜைக் கழற்றப் பார்த்தான். ஊசி துணியில் மாட்டிக்கொண்டது. ஆபீஸ் பியூன் வந்து கழற்றி எடுத்தார்.

மரத்தடியில் நின்ற வள்ளிக்கண்ணு அவன் சட்டைப் பையைப் பார்த்தாள், பேட்ஜ் இருந்த இடத்தில் சின்னக் கிழிசல் இருந்தது.

"உறையூரைப் பத்தி அவராவே கேட்டாரா?"

"கேட்டாரு."

"கேட்டும் சொல்லல."

"சொல்லல."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா, திட்டு வராமல் அடக்குகிறாளா என்று தெரியவில்லை. "எங்க அத்தை மாரியாயி அப்பவே சொன்னா, இவருக்குக் கட்டிக்குடுக்காதீங்க, கேட்டா உசிரைக்கூடக் கழட்டிக் குடுப்பாருன்னு" என்றாள் கடைசியில்.

வண்டி ஆபீஸ் வாசலிலேயே நின்றது. இனி அதை நகர்த்த அவனுக்கு அதிகாரம் இல்லை. அவன் கை பட்டால் பாலிசி இல்லை என்று ஏஜென்ட் சொன்னது, வெயிலில் கதவைத் தொடப் போனபோது சட்டென்று நினைவுக்கு வந்தது. கையை இழுத்துக்கொண்டான். இருவரும் வண்டிக்குப் பக்கத்தில், அது யாருடையதோ என்பதுபோல நின்றார்கள்.

மத்தியானம் தாண்டி, என்ன ஆயிற்று என்று பார்த்து வர ராசப்பன் அழகிரியை அனுப்பினார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "மச்சான், என் பேரு..." என்று ஆரம்பித்தான்.

"வரல" என்றான் நல்லுசாமி.

சாவியை நீட்டினான். அழகிரி வாங்கிக்கொண்டு, முன் கதவை அவனுக்காகத் திறந்தான். நல்லுசாமி அதைப் பார்க்காததுபோல மனைவியோடு பின் ஸீட்டில் ஏறினான். இத்தனை வருஷத்தில் பின்னால் உட்கார்ந்தால் அந்த வண்டி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஸ்பிரிங் குத்தியது. எதிரே ரோடு இல்லை, மைத்துனனின் பிடரிதான் இருந்தது.

"மொதலாளி உங்களைக் கைவிட மாட்டாரு மச்சான். வண்டி கழுவறது, ஸ்டாண்டுல சவாரி பேசறது, ஏதாவது தரேன்னாரு" என்றான் அழகிரி.

வள்ளிக்கண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லுசாமிக்கு அவன் சொன்னது காதில் விழவில்லை. அவன் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

அழகிரிக்குக் கண் கலங்கியிருந்ததோ என்னவோ, வண்டி வேகம் எடுத்தது. பாலக்கரையில் பின்னால் ஒரு லாரி நெருங்கி வருவது நல்லுசாமிக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. அழகிரி கையால் எந்தச் சைகையும் காட்டாமல் வலப்பக்கம் தஞ்சாவூர் ரோட்டுக்குத் திருப்பினான். அந்த நொடியில் நல்லுசாமியின் வலது கை, அவனைக் கேட்காமலே, பின் ஜன்னலுக்கு வெளியே நேராக நீண்டு நின்றது. லாரிக்காரன் பிரேக்கை அழுத்தி விலகிக்கொண்டான். போகும்போது, பின் ஸீட்டிலிருந்து சைகை காட்டும் மனிதனை எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான்.

வண்டி திரும்பி நேரான பிறகும் கை வெளியேதான் இருந்தது.

"கையை உள்ள எடுங்க" என்றாள் வள்ளிக்கண்ணு. அவன் எடுக்கவில்லை. அவள்தான் அவன் மேல் சாய்ந்து, முழங்கையைப் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்து, தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.